‘விசிபிலிட்டி பத்தலை’ என்று பதவி உயர்வு மறுக்கப்பட்டால்? – ஒரு வாசகியின் கேள்விக்குப் பதில்

வாசகி எழுதியது (சுருக்கம்)

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் டெக் லீடாக இருக்கும் 34 வயது வாசகி எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மொத்தம் 11 ஆண்டு அனுபவம். அதில் 8 ஆண்டு இந்த நிறுவனத்தில். வெளிநாட்டு வங்கி ஒன்றின் புரொடக்‌ஷன் சப்போர்ட் (பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள் தடையில்லாமல் ஓடப் பார்த்துக்கொள்வது) அவர் பொறுப்பு. நள்ளிரவில் ஓடும் பேட்ச் ஜாப் (மொத்தக் கணக்குகளையும் தானாகச் செய்து முடிக்கும் நிரல்) நின்றுபோனால் முதல் போன் அவருக்குத்தான் வரும். சென்ற ஆண்டு அவர் செய்த மாற்றத்தால் வட்டி கணக்கிடும் ஜாப் 5 மணி 10 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. மாதத்துக்கு 14 என்றிருந்த நள்ளிரவு அழைப்புகள் 5 ஆகிவிட்டன.

ஆனாலும் இந்த அப்ரைசலில் நடுத்தர ரேட்டிங்தான். அதே டீமில் அவரைவிட இரண்டு ஆண்டு ஜூனியரான ஒரு பெண் மேனேஜர் ஆகிவிட்டார். காரணம் கேட்டபோது டெலிவரி மேனேஜர் சொன்னது: “உங்க வொர்க்ல குறை சொல்ல ஒண்ணுமில்ல. விசிபிலிட்டிதான் பத்தலை.” அதாவது, மேலே இருப்பவர்கள் கண்ணில் படுவது போதவில்லை. வாசகி தயாரிக்கும் ஸ்லைடுகளைக் கிளையன்ட் காலில் அந்த டெலிவரி மேனேஜரே தன் வேலைபோல எடுத்துப் பேசுகிறார். வாசகி மகப்பேறு விடுப்பு முடிந்து வந்து இரண்டு ஆண்டாகிறது. மாலை 5.30க்குக் கிளம்பிக் குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துப் போய், இரவு 9 மணிக்கு மறுபடி லாக் இன் செய்து 11 வரை வேலை பார்க்கிறார். அதற்குக் கிடைப்பது, “என்ன, இன்னைக்கும் ஹாஃப் டேயா?” என்ற கேலி. புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி, பிறந்தநாள் கேக், டீம் அவுட்டிங் வசூல் எல்லாமும் அவர் தலையில்தான்.

அவர் கேட்கிறார்: ‘உழைத்தால் போதும், வேலை தானே பேசும் என்று சொல்லித்தான் வீட்டில் வளர்த்தார்கள். ஜால்ரா போட எனக்குத் தெரியாது. அந்தப் பெண் எல்லோரிடமும் சிரித்துப் பேசியே காரியம் சாதித்துவிட்டாள். நானும் இனி நடிக்க வேண்டுமா? எல்லா ஆதாரத்தையும் போட்டு ஹெச்.ஆருக்கும் டைரக்டருக்கும் ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பிவிட்டுப் பேப்பர் போட்டுவிடலாமா? என் இங்கிலீஷ் சரளமாக இல்லாததும் ஒரு காரணமோ?’

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மெயிலை அனுப்ப வேண்டாம். பேப்பரும் இப்போது போட வேண்டாம். இரண்டுக்கும் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இரவு 11 மணிவரை உழைத்துவிட்டு ‘ஹாஃப் டே’ கேலியைக் கேட்பவருக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் உங்கள் கோபம் பாதி அந்தப் பெண்மீதும், பாதி உங்கள் மீதேயும் திரும்பியிருக்கிறது. ரேட்டிங் முடிவான அறையில் உங்களைப் பற்றி எடுத்துச் சொல்ல யாரிடமும் உருப்படியான ஒரு வாக்கியம் இல்லாமல் போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான். இதைச் சரிசெய்ய நடிப்பு வேண்டியதில்லை. உண்மையாகச் செய்த வேலையை, அதைப் பற்றிப் பேசப் போகிறவர் கையில், அவர் பேச வேண்டிய நாளுக்கு முன்பே கொடுத்து வைத்தால் போதும்.

ரேட்டிங் எங்கே முடிவாகிறது

உங்களுடையதைப் போன்ற பல நிறுவனங்களில் மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. கடைசி மாதங்களில் நீங்கள் சுய மதிப்பீட்டை நிரப்புகிறீர்கள், மேனேஜர் ஒரு ரேட்டிங் போடுகிறார். கதை அதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் அதற்குப் பிறகுதான் நார்மலைசேஷன் கூட்டம். ஒரே கிரேடில் இருக்கும் வெவ்வேறு புராஜெக்ட் ஆட்களை வரிசைப்படுத்துவதற்காகப் பல மேனேஜர்கள், தங்கள் மேலதிகாரி முன்னால் உட்காருவார்கள். உயர்ந்த ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான் என்று வரம்பு இருக்கும். பட்டியலோ நீளம். ஒருவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம்.

உங்கள் மேனேஜர் உங்களை மேல்வரிசையில் வைத்திருந்தாலும், பக்கத்து புராஜெக்ட் மேனேஜர் “இவங்க என்ன பண்ணாங்க?” என்று கேட்பார். அவருக்கும் தன் ஆளை மேலே ஏற்ற வேண்டும் அல்லவா? அந்த இடத்தில், “ரொம்ப ஹார்டு வொர்க்கிங், எதைக் கொடுத்தாலும் முடிச்சிருவாங்க” என்ற பதில் எடுபடாது. பட்டியலில் இருக்கும் அத்தனை பேரைப் பற்றியும் அதையேதான் சொல்வார்கள். “பேங்க்கோட வட்டி ஜாப் அஞ்சு மணி நேரத்துலேர்ந்து மூணு மணி நேரத்துக்குக் கீழ வந்தது இவங்களாலதான், கிளையன்ட்டே மெயில் போட்டிருக்கார்” என்று ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவர் மறுத்துப் பேச அதிகம் இருக்காது. இந்த வாக்கியம் உங்கள் மேனேஜரிடம் இருந்ததா? உங்கள் சுய மதிப்பீட்டில் நீங்கள் எழுதியதாகச் சொல்லியிருப்பது, ‘பேட்ச் பிரச்சினைகளைக் கையாண்டேன், செயல்திறனை மேம்படுத்தினேன்’ என்பது மட்டும்தான். இதை வைத்துக்கொண்டு உங்களுக்காக வாதாட நினைத்தவராலும் வாதாடியிருக்க முடியாது.

இன்னொன்று, பதவி உயர்வுக்கான பெயர்ப் பட்டியல் ரேட்டிங்குக்கும் முன்னதாகவே உருவாகத் தொடங்கிவிடும். பல இடங்களில் டிசம்பர், ஜனவரியிலேயே மேனேஜர்கள் பெயர் கொடுத்துவிடுவார்கள். கடிதம் கைக்கு வந்தபின் ‘ஏன் இல்லை’ என்று கேட்டால் ஆறுதல்தான் கிடைக்கும். அக்டோபரில் கேட்டிருந்தால் பட்டியலில் இடம் பிடிக்க வழி இருந்திருக்கும்.

‘நான் செய்வது எல்லோருக்கும் தெரியும்’ என்ற எண்ணம்

வேலை தானே பேசும் என்ற நம்பிக்கையின் அடியில் இப்படியோர் எண்ணம் இருக்கிறது. இதைத்தான் முதலில் விட வேண்டும். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை நடத்தினார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் மனதில் முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்கிறவர் காதில் விழுவது வெறும் தட்டல். இரவு 2 மணிக்கு நீங்கள் எந்த லாகைப் பார்த்தீர்கள், எதைச் சந்தேகித்தீர்கள், ரீஸ்டார்ட் செய்தால் கணக்கு இரண்டு முறை ஏறிவிடும் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குள் இருக்கிறது. மேனேஜருக்குக் காலையில் தெரிவது ‘டிக்கெட் குளோஸ்டு’ (பதிவான பிரச்சினை முடிந்தது) என்ற ஒரு வரி.

சப்போர்ட் வேலையில் இது இன்னும் கடுமை. நன்றாகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. புது மாட்யூல் எழுதியவருக்குக் காட்ட ஒரு திரை இருக்கிறது. உங்களுக்கு ஒரு நல்ல இரவுதான் இருக்கிறது. அதனால்தான் உங்கள் வேலையில் எண்கள் மிக முக்கியம். 14 அழைப்பு 5 ஆனது என்று சொன்னால்தான் அந்த ஒன்பது அமைதியான இரவுகளும் மற்றவர் கண்ணில் படும்.

மேனேஜர் உங்கள் ஸ்லைடைத் தன் வேலைபோலப் பேசுவதையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அது திருட்டாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். 1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இரு ஆய்வாளர்கள், வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவி இருவரையும் தனித்தனியே கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு நன்றாக நினைவிருக்கும், அடுத்தவர் செய்தது அவ்வளவாக நினைவிருக்காது. உங்கள் மேனேஜரும் அந்த ஸ்லைடில் இரண்டு வரி திருத்தியதை முழுதாக நினைவில் வைத்திருப்பார். அவர் உள்நோக்கத்தைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். எப்படி என்று கீழே வருகிறது.

அந்தப் பெண்ணைப் பற்றி

‘சிரித்துப் பேசியே காரியம் சாதித்தாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஒருபோதும் மெயிலில் எழுதாதீர்கள், வாயாலும் சொல்லாதீர்கள். ஒரு பெண்ணின் பதவி உயர்வை அவள் சிரிப்போடு முடிச்சுப் போடும் பேச்சு, நாளை உங்களுக்குப் பதவி உயர்வு வரும்போது உங்களைப் பற்றியும் வரும். அது நியாயமும் இல்லை. உங்கள் கடிதத்திலேயே இருக்கும் இரண்டு தகவல்களைப் பாருங்கள்: வாராந்தர கிளையன்ட் காலை ஓராண்டாக நடத்துவது அவர், மாதாந்தர அறிக்கையைத் தொகுத்து அனுப்புவதும் அவர். வங்கித் தரப்பில் எல்லோருக்கும் அவர் குரல் தெரியும், டைரக்டரின் இன்பாக்ஸில் மாதம் ஒருமுறை அவர் பெயர் வருகிறது. உங்கள் வேலை அவருடையதைவிடக் கடினமானதாக இருக்கலாம். அவர் வேலை பத்துப் பேர் கண்ணில் படும் இடத்தில் இருந்தது.

உங்கள் தயக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. தன் பெருமையைத் தானே பேசும் பெண்ணைத் திறமைசாலி என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட, அவரை அவ்வளவாக விரும்புவதில்லை என்று லாரி ரட்மன் 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே ‘தைரியமாகப் பேசுங்கள், உங்களை விற்றுக்கொள்ளுங்கள்’ என்ற பொதுவான அறிவுரையை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஜெஃப்ரி ஃபெஃபரும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழியைக் காட்டுகிறது: அதே பாராட்டை வேறொருவர் வாயால் கேட்கும்போது அந்த ஆளின்மீது வெறுப்பு வருவதில்லை. உங்களுக்குப் பொருந்துவது அந்த வழிதான். நீங்கள் தகவலைக் கொடுங்கள், பாராட்டு மற்றவர் வாயிலிருந்து வரட்டும்.

வெள்ளிக்கிழமை பதினைந்து நிமிடம்

அலுவலக லேப்டாப்பில் ஓர் எக்செல் கோப்பு தொடங்குங்கள். ஆறு பத்திகள் போதும்: தேதி, என்ன செய்தேன், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, யாருக்குப் பயன், ஆதாரம் (டிக்கெட் எண், மெயில் தேதி). வாரத்துக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். எண் இல்லாத வேலைக்கு எண் தேடுங்கள்: எத்தனை நிமிடத்தில் சரியானது, எத்தனை பேர் செய்த வேலை எத்தனை பேராகக் குறைந்தது, எஸ்.எல்.ஏ. நேரத்துக்கு (கிளையன்ட்டுடன் ஒப்புக்கொண்ட கெடுவுக்கு) எவ்வளவு முன்னால் முடிந்தது. இப்போதே கடந்த பன்னிரண்டு மாத டிக்கெட்டுகளை டூலிலிருந்து எடுத்துப் பின்னோக்கி நிரப்பிவிடுங்கள். ஒரு சனிக்கிழமை போதும். வருடக் கடைசியில் உட்கார்ந்தால் கடைசி இரண்டு மாத வேலைதான் நினைவுக்கு வரும். உங்கள் பெரிய சாதனை ஜூனில் நடந்திருந்தால் அது காணாமல் போகும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இந்தக் கோப்பை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள், போனில் திரையைப் படம் எடுக்காதீர்கள். வங்கித் தரவு, சர்வர் பெயர், வாடிக்கையாளர் விவரம் வெளியே போனால் அது தகவல் பாதுகாப்பு மீறல். அதற்கு வேலையையே இழக்க நேரலாம். உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அது எடுபடாது.

அந்தக் கோப்பிலிருந்து வாரம் ஒரு மெயில், டெலிவரி மேனேஜருக்கும் ஆன்சைட் கோஆர்டினேட்டருக்கும் (கிளையன்ட் இடத்தில் இருந்து ஒருங்கிணைப்பவருக்கும்) மட்டும். ஐந்தே வரி: முடிந்தது என்ன, அதனால் என்ன மாறியது, எங்கே ஆபத்து தெரிகிறது, அவரிடமிருந்து என்ன முடிவு வேண்டும், அடுத்த வாரம் என்ன. ‘எங்கே ஆபத்து’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். முடித்ததை மட்டும் எழுதுகிறவர் நல்ல ஊழியராகத் தெரிவார். வரப்போவதை எழுதுகிறவரைத்தான் அடுத்த பதவிக்கு யோசிப்பார்கள். ‘காலாண்டு முடிவில் தரவு இருமடங்காகும், இப்போதுள்ள நேரத்தில் முடியாது, இரண்டு வழிகள் உள்ளன, நான் பரிந்துரைப்பது முதலாவது’ என்ற மூன்று வரியில் மேனேஜர் வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவராகத் தெரிவீர்கள். எட்டு வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். மேனேஜரின் மேலதிகாரியை நீங்களாக சி.சி.யில் சேர்க்காதீர்கள். “மாசக் கடைசியில ஒரு சுருக்கம் மேல அனுப்பட்டுமா, இல்ல நீங்களே ஃபார்வர்ட் பண்ணிடறீங்களா?” என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அவரே அனுப்புவார். அவருக்கும் மேலே காட்ட ஏதாவது வேண்டும்.

சுய மதிப்பீட்டையும் இதே வரிசையில் எழுதுங்கள்: என்ன நிலைமை இருந்தது, நான் எடுத்த முடிவு, எண், அதைச் சொல்லக்கூடிய ஆள். ‘வட்டி கணக்கிடும் ஜாப் 5 மணி 10 நிமிடம் ஓடி, கிளைகள் திறக்கும் நேரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. காரணத்தைக் கண்டறிந்து, வேலையை இணையாக ஓடும் நான்கு பகுதிகளாகப் பிரிக்கும் திட்டத்தை நான் முன்வைத்தேன். இருவர் கொண்ட குழு ஆறு வாரத்தில் முடித்தது. இப்போது 2 மணி 40 நிமிடம். வங்கியின் செயல்பாட்டுத் தலைவர் மெயிலில் உறுதி செய்துள்ளார்.’ (பிரித்த விதமும் வாரக் கணக்கும் உதாரணத்துக்கு நான் போட்டவை. உங்கள் உண்மையான விவரத்தைப் போடுங்கள்.) எது நீங்கள், எது குழு என்று இதில் தெளிவாக இருப்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் ‘நாங்கள்’ என்று எழுதினால் உங்கள் பங்கு கரைந்துவிடும். எல்லாவற்றையும் ‘நான்’ என்று எழுதினால் உடன் உழைத்த அந்த இருவரும் உங்களை மறக்க மாட்டார்கள்.

கிளையன்ட் யாராவது சாட்டில் நன்றி சொன்னால் அன்றைக்கே, “இதை ஒரு வரி மெயிலாக என் மேனேஜரையும் சேர்த்து அனுப்ப முடியுமா?” என்று கேளுங்கள். இது பிச்சை எடுப்பதாகத் தோன்றும். அவருக்கு இது முப்பது வினாடி வேலை. மார்ச் மாதம் உங்களுக்கு அது சாட்சி. இரண்டு நாள் தள்ளினால் அவரே மறந்துவிடுவார். டீமில் மற்றவர்கள் நன்றாகச் செய்ததை நீங்களும் பெயர் சொல்லி எழுதுங்கள், அந்த ஜூனியர் பெண் உட்பட. உண்மையாகச் செய்ததைச் சொல்வது ஜால்ரா ஆகாது. செய்யாததைச் சொன்னால்தான் ஜால்ரா.

கிளையன்ட் காலும் ஆங்கிலமும்

மேனேஜரிடம் ‘என் ஸ்லைடை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்’ என்று தொடங்கினால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். காலுக்கு முந்தின நாள் இப்படிச் சொல்லுங்கள்: “பேட்ச் ஸ்லைடை நாளைக்கு நானே மூணு நிமிஷம் பேசிடறேன். டெக்னிக்கலா கேள்வி வந்தா அங்கேயே பதில் சொல்லிடலாம், உங்களுக்கும் ஃபாலோஅப் மிச்சம்.” முழுக் காலையும் கேட்காதீர்கள், மூன்று நிமிடம் கேளுங்கள். ஸ்லைடின் அடியில் தயாரித்தவர் பெயரும் தேதியும் போடும் பழக்கத்தை டீம் முழுவதற்குமான வார்ப்புருவாகக் கொண்டுவாருங்கள். அப்போது அது உங்கள் ஒருவரின் குறையாகத் தெரியாது. அடுத்தடுத்து மூன்று முறை கேட்டும் காரணமில்லாமல் மறுத்தால், அவர் நோக்கத்தைப் பற்றி நீங்கள் சந்தேகித்தது சரி. அப்போது ஸ்கிப் லெவல் சந்திப்பில் (மேனேஜரின் மேலதிகாரியோடு நேராகப் பேசும் கூட்டத்தில்), குற்றச்சாட்டாக இல்லாமல், “கிளையன்ட்டிடம் நேரடியாகப் பேசும் பொறுப்பு வேண்டும்” என்று கோரிக்கையாக வையுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு வங்கிக்காரர் கவலைப்படுவதில்லை. அவருக்கு வேண்டியது ஜாப் எத்தனை மணிக்கு முடியும் என்பது. மூன்று வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்: முடிவு, காரணம், அடுத்த அடி. முதல் வாக்கியத்தை மட்டும் வாய்விட்டு ஐந்தாறு முறை சொல்லிப் பழகுங்கள். பதற்றம் எல்லாம் முதல் வாக்கியத்தில்தான். பின்னணியிலிருந்து தொடங்கி முடிவைக் கடைசியில் சொல்லும் வழக்கம் நம் பலருக்கும் உண்டு. காலில் அது வேலைக்கு ஆகாது, நடுவிலேயே குறுக்கிடுவார்கள். தெரியாத கேள்வி வந்தால் ‘நாளை மதியத்துக்குள் பார்த்துச் சொல்கிறேன்’ என்று நேரத்தோடு சொல்லி, அந்த நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இலக்கணம் பிசகாத பேச்சைவிட இந்த ஒரு பழக்கம் அதிக மதிப்பைத் தரும்.

5.30 மணிக் கிளம்பல்

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு பையை எடுக்கிறீர்கள் என்று எழுதாமலே தெரிகிறது. காலண்டரில் 5.30 முதல் 9 வரை ‘இல்லை’ என்றும், 9 முதல் 11 வரை ‘ஆன்லைன்’ என்றும் நிரந்தரமாகப் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். இடைப்பட்ட நேரத்தில் பி1 (மிக அவசரமான பிரச்சினை) வந்தால் யாருக்கு அழைப்பு, எவ்வளவு நேரத்தில் நீங்கள் சேர்வீர்கள் என்பதை மேனேஜரிடம் பேசி மெயிலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மறுநாள் ஸ்டாண்டப்பில் (டீமின் தினசரிச் சிறு கூட்டத்தில்) முதல் வரியாக, “நேத்து நைட் 9லேர்ந்து 11க்குள்ள இந்த ரெண்டு டிக்கெட் முடிஞ்சது” என்று சொல்லுங்கள். இரவு 11 மணிக்கு மெயில் தட்டிவிட்டு நேரத்தைக் காட்டும் பழக்கம் வேண்டாம். டீம் முழுவதும் அந்த நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

கேலிக்குச் சிரிக்கவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம். “இல்ல, 9 மணிக்கு ரெண்டாவது ஷிஃப்ட் இருக்கு. ஏதாவது வேணும்னா அப்ப பிங் பண்ணுங்க” என்று ஒரே தொனியில், ஒவ்வொரு முறையும் அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள். ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் கேலியில் சுவை போய்விடும்.

கேக்கும் வசூலும்

2017இல் லிண்டா பாப்காக் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், பதவி உயர்வுக்கு உதவாத வேலைகளுக்குக் கலப்புக் குழுக்களில் பெண்களே அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுவிலோ, பெண்கள் மட்டும் இருந்த குழுவில் முன்வந்த அளவுக்கே ஆண்களும் முன்வந்தார்கள். அதாவது இது பெண்களின் சுபாவம் இல்லை. ‘அவங்க பார்த்துப்பாங்க’ என்ற எதிர்பார்ப்பு. கேக், வசூல் இரண்டுக்கும் மாத வாரியாகப் பெயர்ப் பட்டியல் போட்டு ஒட்டிவிடுங்கள். முதல் மாதத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை மட்டும் விடாதீர்கள். அது மேனேஜர் வேலையின் பாதி. ஆனால் இப்போது கணக்கில்லாமல் நடக்கிறது. ஆறு வாரத் திட்டமாக எழுதி, ‘நான்கு பேர் இப்போது தனியாக இரவு அழைப்பை எடுக்கிறார்கள்’ என்று முடிவைக் காட்டுங்கள். இதில் இன்னொரு பலன் உண்டு. நீங்கள் இல்லாவிட்டால் ஜாப் ஓடாது என்ற நிலை இருக்கும்வரை உங்களை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப யாருக்கும் மனம் வராது.

மெயில், சட்டம், ராஜினாமா

அந்த மெயில் போனால் என்ன நடக்கும்? ஹெச்.ஆர். அதை உங்கள் மேனேஜருக்கே அனுப்பி விளக்கம் கேட்கும். முடிந்துபோன ரேட்டிங் மாறுவது அரிது. சக ஊழியரைப் பற்றிய வரிகள் உங்கள்மீதே புகாராகத் திரும்பலாம். ரேட்டிங்குக்கு மறுபரிசீலனை கேட்கும் வழியும் அதற்கான கெடுவும் உங்கள் நிறுவன இணையதளத்தில் இருக்கும். கெடு தாண்டவில்லை என்றால் ஒரே பக்கத்தில், எண்களோடு, யாரையும் ஒப்பிடாமல் விண்ணப்பியுங்கள்.

மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலைநீக்கம் செய்வதையும், அவர் பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதையும் சட்டம் தடுக்கிறது. ஆனால் விடுப்பு முடிந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு வந்த நடுத்தர ரேட்டிங்கை அதன் கீழ் நிரூபிப்பது கடினம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ‘லீவுல போனீங்க, அதனாலதான்’ என்று யாராவது எழுத்தில் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கவும் அனுமதி உண்டு. உங்கள் நிறுவனத்தில் அது எந்த வடிவில் இருக்கிறது என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். ‘ஹாஃப் டே’ கேலி பாலியல் சாயலுள்ள பேச்சாக மாறினால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி அமைந்த உள்புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

ராஜினாமா உங்கள் உரிமை. அதைக் கோபத்தில் செலவழிக்காதீர்கள். 8 ஆண்டு முடிந்ததால் கிராஜுவிட்டி உண்டு, பி.எஃப். பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப்.) எண்ணில் மாற்றிக்கொள்ளலாம். 90 நாள் நோட்டீஸ் என்றால் கையில் ஆஃபர் இல்லாமல் போடுவது ஆபத்து. வேறு நிறுவன ஆஃபரைக் காட்டி மிரட்டிப் பதவி வாங்குவதும் வேண்டாம். சம்பளம் ஏறலாம், ஆனால் ‘போகப் போகிறவர்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். போகாமலே சும்மா சொல்வது அதைவிட மோசம். ‘சரி, போங்க’ என்றால் பின்வாங்க முடியாது. லிங்க்ட்இன் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வங்கியின் பெயரையோ ஜாப் விவரத்தையோ அங்கே எழுதாதீர்கள், அது ஒப்பந்த மீறலாகலாம்.

அக்டோபர் முடிவில் ஒருமுறை, ஜனவரி முதல் வாரத்தில் ஒருமுறை, “என் பெயர் பட்டியலில் இருக்கிறதா?” என்று நேராகக் கேளுங்கள். ஜனவரியில் மழுப்பலான பதில் வந்தால் அன்றே உள் வேலைவாய்ப்புப் பட்டியலையும் வெளிச் சந்தையையும் ஒன்றாகப் பார்க்கத் தொடங்குங்கள். அப்போது கையில் எண்களோடு கூடிய ஓராண்டுப் பதிவு இருக்கும். எந்த நேர்காணலிலும் அது பயன்படும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேனேஜரிடம் தனியாக முப்பது நிமிடம் கேளுங்கள். பழைய ரேட்டிங்கைப் பற்றிப் பேசாமல் மூன்று கேள்வி கேட்டு, பதிலை அவர் எதிரிலேயே குறித்துக்கொண்டு, அன்று மாலையே ‘நாம் பேசியது’ என்று மெயிலில் அனுப்பிவிடுங்கள். என் வேலை யாருக்குத் தெரியவில்லை, பெயராகச் சொல்ல முடியுமா? அடுத்த கிரேடுக்கு நான் செய்து காட்ட வேண்டிய இரண்டு விஷயம் எவை? அந்த இரண்டையும் டிசம்பருக்குள் நான் செய்து முடித்தால் என் பெயரை நீங்கள் கொடுப்பீர்களா?